கட்டம் டீச்சரின் சிவப்புப் புள்ளிகள்

கட்டம் டீச்சர் வீட்டில் வருடத்துக்கு ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட முடியாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அந்த வாரம் மேஜை முழுவதையும் ஒரு பெரிய வெள்ளை அட்டை பிடித்துக்கொள்ளும். அட்டையின் இடது ஓரத்தில் பள்ளியின் அறைகள், மேலே கிழமைகளும் பாடவேளைகளும். எல்லாம் கறுப்பு மையில், அடிகோல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியவை. கட்டங்களுக்குள் தீப்பெட்டி அளவில் வெட்டிய வண்ணச் சீட்டுகள் வந்து உட்காரும். கணக்குக்கு மஞ்சள், வரலாற்றுக்குப் பழுப்பு, வேதியியலுக்குப் பச்சை. அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணை இப்படித்தான் ஒன்பது வருடமாகப் பிறந்துகொண்டிருக்கிறது. ஃபேன் போடக் கூடாது. மேஜைப் பக்கம் தும்மக் கூடாது.

டீச்சர் உண்மையில் கணக்கு ஆசிரியை. பள்ளியில் எந்தப் பிள்ளை எந்த நேரம் எந்த அறையில் இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்பதால் இந்தப் பெயர். அவருடைய கணவர் அதே பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் உயிரை வாங்குவார் என்று பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சொட்டு சார். தலையில் முடி குறைந்துவிட்டதைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று அவர் ஒரு வருடம் முழுக்கத் தொப்பி போட்டுக்கொண்டு அலைந்தது தனிக்கதை.

டீச்சருக்குத் தன் அட்டையில் ஒரு விஷயத்தில் கொஞ்சம் பெருமை உண்டு. மாடி ஏற முடியாத பிள்ளை ஒரு வகுப்பில் இருந்தால், அந்த வகுப்பின் சீட்டுகளில் சிறிதாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார். புள்ளி வைத்த சீட்டு தரைத்தளத்தை விட்டு மேலே போகாது. யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. தானாகத் தோன்றியது, செய்தார். புள்ளி வாங்கிய பிள்ளைகளின் விவரத்தை ஒரு நோட்டிலும் குறித்து வைத்திருந்தார்.

இந்த வருடப் புள்ளி அவருடைய சொந்த வகுப்பிலேயே இருந்தது. பத்தாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பெண். தாழ்வாரத்தில் அவள் போகும் வேகத்துக்கு வகுப்பே சேர்ந்து ராக்கெட் என்று பெயர் வைத்திருந்தது. அவளும் அதையே நோட்டு அட்டையில் எழுதி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளும் அவள் அப்பாவும் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டிருந்தது.

"ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க டீச்சர்," என்று படிவத்தை நீட்டினார்.

பதினொன்றாம் வகுப்புக்குப் பிரிவு தேர்ந்தெடுக்கும் படிவம். 'வணிகவியல்' என்று அழுத்தமாக எழுதியிருந்தது.

"நீ சயின்ஸ் எடுப்பேன்னுல்ல சொல்லிட்டிருந்தே?" என்றார் டீச்சர்.

"சொல்லிட்டிருந்தேன் டீச்சர். லேப் மூணாவது மாடின்னு நேத்துதான் ஞாபகம் வந்துச்சு," என்றாள் ராக்கெட்.

"நக்கலா?"

"இல்ல டீச்சர். நக்கல்னா இன்னும் நல்லா பண்ணுவேன்."

அப்பா குறுக்கே வந்தார். "நானும் படிக்கட்டோரமா சுவரையெல்லாம் தட்டிப் பாத்துட்டேன் டீச்சர். பழைய கட்டடம். லிஃப்ட் வைக்கணும்னா அடித்தளத்துலேர்ந்து வேலை இருக்கு. எப்படியும் ரெண்டு வருஷம் ஆயிடும். அதுக்குள்ள இவ படிச்சு முடிச்சுடுவா." கொஞ்சம் சிரித்தார். "ஊர்ல பாதி லிஃப்ட் என் கையிலதான் ஓடுது. யார் யாரையோ மேல ஏத்தி விட்டுட்டேன்."

மகள் சக்கரத்தின் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசி நாள் அடுத்த புதன்தானே. படிவம் என்கிட்ட இருக்கட்டும்," என்றார் டீச்சர்.

"எதுக்கு டீச்சர், பாவப்படுறீங்களா?"

"கட்டம் போட்டுப் பாக்கறேன்."

"உங்க கட்டத்துல படிக்கட்டு வராதே டீச்சர்," என்றாள் ராக்கெட். திரும்பி, வந்த வேகத்திலேயே போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனதும் டீச்சர் கணவரிடம் சொன்னார். சொட்டு சார் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்குப் போயா மண்டையை உடைச்சுக்கற? பிராக்டிகல் வாரத்துக்கு ரெண்டு தடவைதானே. நாலு தடியன்களை விட்டா நாற்காலியோட தூக்கிட்டு வந்துடுவானுங்க. நம்ம பசங்க நல்லவனுங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் இடைவேளையில் டீச்சர் அதை ராக்கெட்டிடம் கேட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"தூக்குறவன் லீவு போட்டா என்ன பண்றது? சரி, அதை விடுங்க. இப்ப எங்க வகுப்புல எல்லாரோடயும் நல்லா சண்டை போட்டுட்டிருக்கேன் டீச்சர். பேனாவைத் திருப்பித் தரலன்னா கத்துவேன். வினாடி வினாவுல தப்பா சொன்னவனை ஒரு வாரம் ஓட்டுவேன். என்னைத் தூக்கிட்டுப் போறவனோட நான் எப்படி டீச்சர் சண்டை போடுவேன்?"



ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் மேஜைக்கு முன் உட்கார்ந்தார். பச்சைச் சீட்டை எடுத்துத் திங்களில் வைத்தார், வியாழனில் வைத்தார், முதல் பாடவேளையில் வைத்தார், கடைசியில் வைத்தார். நேரம் அவர் சொன்னபடி கேட்டது. ஆசிரியர்கள்கூடக் கேட்டார்கள். ஆனால் எந்தக் கட்டத்தில் வைத்தாலும் இடது ஓரத்தில் கறுப்பு மையில் அதே எழுத்துத்தான் இருந்தது: ஆய்வகம், மூன்றாம் மாடி.

சலித்துப்போய்ப் பழைய நோட்டைப் புரட்டினார். முன்னே வந்த புள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன செய்தோம் என்று பார்க்கத்தான். காலில் கம்பி வைத்திருந்த பையன். மூட்டு வீங்கும் பெண். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவன். ஒன்பது வருடத்தில் பதினொரு பேர். மேல்வகுப்பில் அவர்கள் எடுத்த பிரிவையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். வணிகவியல், வணிகவியல், வணிகவியல். பதினொன்றும்.

டீச்சர் நோட்டை மூடினார். மறுபடி திறந்தார். வணிகவியல் ஒன்றும் மட்டமான படிப்பு இல்லை. பிடித்துப் படித்தவர்களும் இவர்களில் இருந்திருக்கலாம். ஆனால் பதினொரு பேருக்குமா பிடித்திருக்கும்? யாராவது ஒருவனிடமாவது, 'உனக்கு என்னப்பா ஆசை?' என்று தான் கேட்டதாக அவருக்கு ஞாபகம் வரவில்லை. புள்ளி வைத்ததோடு தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டார். நல்லது செய்கிறோம் என்ற நிம்மதி.

அட்டையைப் பார்த்தார். பிள்ளைகளைச் சீட்டில் எழுதியிருந்தார், எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். அறைகளை மையில் எழுதியிருந்தார். ஒன்பது வருடமும் அப்படியேதான். எழுந்துபோய்க் கத்திரிக்கோலை எடுத்துவந்து, அட்டையின் இடது ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டி எடுத்தார்.

சத்தம் கேட்டு சொட்டு சார் கையில் தட்டோடு வந்தார். "என்ன பண்ற? அட்டையையே வெட்டிட்டியா?"

"ஏங்க, லேபைக் கீழ கொண்டுவந்தா என்ன?"

"கீழ எங்க?"

"ஸ்டாஃப் ரூமுக்கு. ஒரு காலத்துல அது கேண்டீன்தானே. ரெண்டு பெரிய தொட்டி இருக்கு, தண்ணிக் குழாய் இருக்கு, புகை போறதுக்குச் சுவர்ல ஓட்டைகூட இருக்கு."

"அப்ப ஸ்டாஃப் ரூம்?"

"மூணாவது மாடிக்கு."

"விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுக்கறேன்."

"இந்த மேஜையில நான் விளையாடி என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

சார் தட்டை சோபாவில் வைத்தார். "பதினாறு வருஷம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த பாட்டில் எங்க இருக்குன்னு எடுப்பேன். அந்த வடக்கு ஜன்னல் வெளிச்சம் இருக்கே, அதுலதான் நிறம் நிறமாத் தெரியும். அதை விட்டுட்டு, நீங்க டிபன் பாக்ஸ் கழுவுற தொட்டியில கொண்டுபோய் என் பியூரெட் குழாயைக் கழுவணுமா? இங்க பாருங்க டீச்சர், உங்க கட்டம் உங்களோட. என் லேப்ல கை வைக்காதீங்க."

வீட்டுக்குள் அவர் 'டீச்சர்' என்று கூப்பிட்டால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் குடும்பம் நடந்தாக வேண்டுமே. மாலையில் டீச்சர் ஒரு மஞ்சள் சீட்டில், 'காபி ஃபிளாஸ்கில் இருக்கிறது' என்று எழுதி மேஜை ஓரத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதன் பக்கத்தில் ஒரு பச்சைச் சீட்டு இருந்தது. 'குடித்தாகிவிட்டது. சர்க்கரை குறைவு.' டீச்சர் இன்னொரு மஞ்சளை எடுத்தார். 'வாயும் அப்படித்தான்.'

திங்கட்கிழமை மாலை சார் சோபாவில் உட்கார்ந்து திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டீச்சர் அறைகளுக்கும் சீட்டு வெட்டிக்கொண்டிருந்தார். காகிதம் புரளும் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். சார் ஒரே ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, சீட்டு எதுவும் எழுதாமல், அந்தத் தாளை அட்டையின் மேலேயே வைத்தார்.

"இதைப் படி," என்றார்.

ராக்கெட்டின் விடைத்தாள். அமிலத்தையும் காரத்தையும் சேர்க்கும் சோதனையைப் பற்றிய கேள்வி. கடைசி வரி இப்படி இருந்தது: 'இறுதிச் சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு நிறம் தோன்றியதாக ஆசிரியர் கூறினார்.' பக்கத்தில் சாரின் சிவப்பு மை, அரை மார்க் குறைப்பு.

"எதுக்குக் குறைச்சீங்க?"

"'நிறம் தோன்றியது'ன்னுதான் எழுதணும். ஆசிரியர் கூறினார்னு எந்தப் புத்தகத்துல இருக்கு? திமிருன்னு நினைச்சேன்." சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அன்னிக்கு எல்லாரையும் லேபுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். இவளுக்காகக் குடுவையைக் கையில எடுத்துக்கிட்டு மூணு மாடி இறங்கினேன். அந்த வெளிர் நிறம் காத்துப் பட்டாக் கொஞ்ச நேரத்துல போயிடும். கீழ வர்றதுக்குள்ள வெறும் தண்ணி மாதிரி ஆயிடுச்சு. அதைக் காட்டி, இப்பதான் பிங்க்கா இருந்துச்சு, நம்புன்னேன்."

"நம்பினாளா?"

"நம்பினா. ஆனா பாத்ததா எழுதல."

டீச்சர் அந்த வரியை மறுபடி படித்தார்.

"நாப்பது பேர் 'தோன்றியது'ன்னு எழுதியிருக்கான்," என்றார் சார். "அதுல பாதிப் பேர் பின்னாடி நின்னு அரட்டை அடிச்சவன். பாக்காமலே பாத்தேன்னு எழுதினவனுக்கு முழு மார்க். பாக்கலன்னு சொன்னவளுக்கு அரை மார்க் கம்மி. கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்கடான்னு பதினாறு வருஷமாத் தொண்டை கிழியக் கத்துறது யாரு? நான்தான்."

டீச்சர் சொல்ல நினைத்ததை நாக்கின் நுனியிலேயே நிறுத்திக்கொண்டார். இருபது வருடக் குடித்தனத்தில் கற்றுக்கொண்ட வித்தை அது.

சார் பேனாவை எடுத்து, குறைத்த அரை மார்க்கை அடித்துவிட்டுத் திருப்பிப் போட்டார். எழுந்து அலமாரியைக் குடைந்தார்.

"வீட்டுல டேப் எங்க இருக்கு?"

"எந்த டேப்?"

"அளக்குற டேப்தான். ஸ்டாஃப் ரூம் வாசல் எவ்வளவு அகலம்னு பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை நடந்த ஆசிரியர் கூட்டத்தில் கட்டம் டீச்சர் தன் யோசனையைச் சொன்னதும், தீயணைக்க ஆள் கூப்பிடாததுதான் பாக்கி.

"மூணு மாடியா? ஏறி முடிக்கிறதுக்குள்ள இடைவேளையே முடிஞ்சுடும்," என்றார் விளையாட்டு மாஸ்டர்.

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி மாஸ்டர், பசங்களை மைதானத்தைப் பத்து ரவுண்டு ஓட விடுறீங்க," என்றார் யாரோ பின்னாலிருந்து.

தலைமையாசிரியை மேஜையைத் தட்டினார். நியாயமானவர்தான். ஆனால் எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பவர். "டீச்சர், எனக்கும் அந்தப் பொண்ணு மேல அக்கறை இருக்கு. ஆனா ஒருத்திக்காக இருபத்தாறு பேரை மாடி ஏத்தணுமா?"

கட்டம் டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெயர் சொல்லாமல், வருடத்தையும் பிரிவையும் மட்டும் படித்தார். நான்காவது 'வணிகவியல்' வரும்போது அறையில் பேச்சு குறைந்தது. பதினொன்றையும் படித்து முடித்தார்.

"இவங்களையெல்லாம் நல்லாப் பாத்துக்கிட்டேன்னு நினைச்சிருந்தேன் மேடம். யாரையும் ஒரு படிகூட ஏற விடல. ஆனா என்ன படிக்கணும்னு முடிவு பண்ணினது படிக்கட்டுதான். அவங்க இல்ல. அந்தக் கட்டத்தைப் போட்டது நான். கேக்காம விட்டதும் நான்."

வரலாறு சார் கனைத்தார். ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும் மனிதர். "எல்லாம் சரிம்மா. என் முட்டி இருக்கே, அது எந்தப் பிரிவு?"

"உங்களுக்கும் புள்ளி வச்சுட்டேன் சார். நூலகத்துல ஜன்னலோரமா ஒரு மேஜை. தரைத்தளம்தான். சாப்பாடு சூடு பண்ற மெஷினும் அங்கதான் வருது."

"மெஷின் அங்கயா?" என்றார் விளையாட்டு மாஸ்டர். "எனக்கும் ரெண்டு நாளா முட்டி ஒரு மாதிரி இருக்கு மேடம்."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தலைமையாசிரியை சொட்டு சாரைப் பார்த்தார். "அது உங்க லேப். நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

கட்டம் டீச்சரும் அவர் பக்கம் திரும்பினார். டேப் எடுத்து அளப்பது வேறு, விட்டுக்கொடுக்க மனசு வருவது வேறு.

சார் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைச் சீட்டை எடுத்தார். "வாசல் தொண்ணூத்தாறு சென்டிமீட்டர் மேடம், நாற்காலி தாராளமாப் போகும். ஒரு மேஜையோட காலை மட்டும் வெட்டிக் குறைக்கணும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு போடணும். வெளிச்சம் கொஞ்சம் கம்மி. மேஜைக்கு மேல வெள்ளை விளக்கு ரெண்டு போட்டாச் சமாளிச்சுடலாம்."

தலைமையாசிரியை அந்தச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். "விடுமுறைக்குள்ள முடிஞ்சுடணும்," என்றார்.

புதன்கிழமை அப்பாவும் மகளும் மறுபடி வந்தார்கள். டீச்சர் விஷயத்தைச் சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். ராக்கெட் அதை வாங்கவில்லை.

"எனக்காகவா இவ்வளவும்?"

"உனக்காக மட்டும்னா நீ சண்டைக்கு வருவேன்னு தெரியாதா? பன்னெண்டு பேருக்காக. அதுல பதினொரு பேருக்கு லேட்டாயிடுச்சு. இப்பவும் வணிகவியல்தான் வேணும்னா சொல்லு, உடனே கையெழுத்துப் போடறேன். உனக்கு எது பிடிக்கும்?"

ராக்கெட் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதுபோல.

"ஒரு கண்டிஷன் டீச்சர். பிரேயர்ல என்னை முன்னாடி நிறுத்திக் கைதட்ட வைக்கக் கூடாது."

"மாட்டோம்."

"பேப்பர்ல போட்டோ?"

"அதுவும் கிடையாது. சொட்டு சார் மொகத்தைப் போட்டா எந்தப் பேப்பர் விக்கும்?"

அவள் அப்பாவின் பையிலிருந்து பேனாவை உருவி, 'வணிகவியல்' என்பதன் மேல் ஒரே கோடு போட்டாள். அப்பா, "ஃபேனை நான் வந்து மாட்டித் தரேன் டீச்சர். மேஜைக் காலையும் நானே அளந்து வெட்டிடறேன். உக்காரப்போறவ உயரம் எனக்குத்தானே தெரியும்," என்றார்.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம். மூன்றாம் மாடியில் வடக்கு ஜன்னலோரம் கட்டம் டீச்சருக்கு ஒரு மேஜை கிடைத்திருந்தது. அதை யாரும் அவருக்கு ஒதுக்கவில்லை. சாமான்களை ஏற்றிய அன்று சொட்டு சார் முதல் ஆளாக வந்து, தன் பழைய இடத்தில் மனைவியின் கைப்பையை வைத்து ஆக்கிரமித்துவிட்டார். வெளிச்சம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்ல வெளிச்சத்தை மனுஷர் விட்டுக்கொடுத்திருக்கிறாரே என்று டீச்சர் தினமும் ஒரு தடவை நினைத்துக்கொள்வார். வெளியில் சொல்ல மாட்டார்.

அன்றுதான் முதல் செய்முறை வகுப்பு. அந்த நேரத்தில் டீச்சருக்கு வகுப்பு இல்லை. கால அட்டவணை போடுகிறவருக்கு இந்த வசதியாவது இருக்க வேண்டாமா? மூன்று மாடி இறங்கிப்போய் வாசலோரம் நின்றார்.

தாழ்வான மேஜையில் ராக்கெட். எதிரில் அவளோடு எப்போதும் சண்டை போடும் பெண், இன்றைக்கு ஜோடி. கண்ணாடிக் குழாயிலிருந்து குடுவைக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"மெதுவா விடு," என்றாள் ஜோடி.

"எனக்குத் தெரியும்."

"போன சொட்டே அதிகம்."

"அப்ப நீ விடேன். வாய்தான் இருக்கு உனக்கு."

அடுத்த சொட்டு விழுந்தது. குடுவையைச் சுழற்றினாள். நிறமற்ற தண்ணீரில் மெல்ல, வெட்கப்படுவதுபோல, ஒரு வெளிர் இளஞ்சிவப்பு பரவியது. இரண்டு பேரும் சண்டையை நிறுத்தினார்கள். ராக்கெட் குடுவைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். உதடுகள் அசைந்தன. எதையோ எண்ணுகிறாள்.

சொட்டு சார் பக்கத்தில் நின்றார். சொல்லித்தர ஒன்றும் இல்லாததுபோல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. டீச்சர் சத்தமில்லாமல் திரும்பி மாடியேறினார்.

சாயங்காலம் சார் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறிவந்து, ஒரு கட்டு ரெக்கார்டு நோட்டுகளை டீச்சரின் மேஜையில் போட்டார். மேலே இருந்ததைத் திறந்து காட்டினார். ராக்கெட்டின் கையெழுத்து.

'வெளிர் இளஞ்சிவப்பு நிறம் தோன்றியது. அறுபத்திரண்டு வினாடிகள் இருந்தது. நானே எண்ணினேன்.'

"'நானே எண்ணினேன்'னு ரெக்கார்டுல எழுதக் கூடாது," என்றார் சார், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

"மார்க் குறைச்சீங்களா?"

"பத்துக்குப் பத்து. அதுக்கு மேல போட முடியாதேன்னுதான் யோசிக்கிறேன்," என்றார் அவர். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். டீச்சர் ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றி, சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டு, அவர் பக்கம் தள்ளினார்.